மாதவரின் பதின்மூன்று இலக்கங்கள்

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்: 28,27,43,33,88,233. வாய்விட்டுச் சொன்னால், இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று. மொத்தம் பதின்மூன்று இலக்கம்.

இந்த எண்ணைச் சொன்னவர் சங்கமகிராம மாதவர். காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. சங்கமகிராமம் என்பது இன்றைய இரிஞ்ஞாலக்குடா என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒரு வட்டத்தின் விட்டம் 90,000 கோடி அலகு என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு இத்தனை அலகு என்று அவர் சொன்னார். அதுதான் நான் சொன்ன எண். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள், 3.14159265359222 என்று வரும். உண்மையான பை 3.14159265358979 என்று போகிறது. புள்ளிக்குப் பின் பத்து இலக்கங்கள் அப்படியே ஒத்திருக்கின்றன. பதினோராவது இடத்துக்கு முழுமையாக்கினால் இரண்டும் ஒன்றேதான்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதையை முப்பது கோடி கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்று கொண்டு, மாதவரின் எண்ணை வைத்து அதன் சுற்றளவைக் கணக்கிட்டால், பிழை முக்கால் மீட்டருக்கும் குறைவாகவே வரும். இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றுகிறது. தட்டலாம், தவறில்லை. ஆனால் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டால் இந்த எண் நமக்குச் சொல்ல வந்ததைக் கேட்காமலே எழுந்து போகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் இந்த எண் நம் கைக்கு வந்த வழியைச் சொல்கிறேன். அதில் இந்த ஊருக்குப் பங்கு இருக்கிறது. வட்டத்தைப் பற்றி மாதவர் தாமே எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை. வேண்வாரோஹம் போன்ற வானியல் நூல்கள் உண்டு. அவருடைய கணிதத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டியதால்தான் நாம் அறிகிறோம். திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீயத்துக்கு எழுதிய விரிவான உரையில் மாதவரின் பெயரைச் சொல்லி இந்த எண்ணைத் தருகிறார். லீலாவதி என்னும் கணித நூலுக்குச் சங்கர வாரியர் எழுதிய கிரியாகிரமகரி உரையிலும் இது இருக்கிறது. நீலகண்டரின் உரை நெடுங்காலம் ஓலையிலேயே கிடந்தது. 1930-இல் அது அச்சேறியது இதே திருவனந்தபுரத்தில். கே. சாம்பசிவ சாஸ்திரி பதிப்பித்த அந்த நூல், திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் 101-ஆவது.

அந்த நூல்வரிசையை 1905-இல் தொடங்கியவர் த. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையில் தருவை அவர் பிறந்த ஊர். பாசனின் நாடகங்களைத் தேடி எடுத்து உலகுக்குத் தந்தவர் என்று அவரை இலக்கியக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். அவர் போட்ட பாதையில்தான் கணிதச் சுவடிகளும் வெளிவந்தன என்பதைக் கணக்குப் படிப்பவர்களும் நினைத்துக்கொள்ள வேண்டும். கரணபத்ததி 1937-இல் வந்தது. தந்திரசங்கிரகம் 1958-இல் வந்தது.

நீலகண்டர் இந்த எண்ணை எந்த இடத்தில் எடுத்துச் சொல்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆரியபடர் 499-இல், விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832 என்று சொல்லி, இது நெருங்கிய அளவு மட்டுமே என்றும் சொல்லிவைத்தார். சரியான அளவைச் சொல்லாமல் நெருங்கிய அளவை ஏன் சொன்னார் என்று நீலகண்டர் கேள்வி எழுப்புகிறார். விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் அலகு எதுவாக இருந்தாலும், அதைக் கொண்டு சுற்றளவை அளந்தால் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். அலகை எவ்வளவு சிறிதாக்கினாலும் மிச்சம் சிறுக்குமே தவிர இல்லாமல் போகாது என்று அவரே விடையும் தருகிறார். பை ஒரு பின்னமாக அமையாது என்பதை லாம்பெர்ட் ஐரோப்பாவில் நிறுவியது 1761-இல். நீலகண்டர் நிறுவவில்லை, கூற்றாகத்தான் சொன்னார். ஆனாலும் தெளிவாகச் சொன்னார். சொன்ன கையோடு மாதவரின் எண்ணை எடுத்து வைக்கிறார். ஆகவே இது வட்டத்தின் இறுதி அளவு என்ற மயக்கம் அந்த மரபில் யாருக்கும் இல்லை. எவ்வளவு நெருங்க முடிந்தது என்பதற்கான கணக்காகவே இதை வைத்திருந்தார்கள்.

எண் எழுதப்பட்ட விதத்துக்கு வருகிறேன். சுவடியில் இது இலக்கங்களாக இல்லை, சொற்களாக இருக்கிறது. எண்ணிக்கை உலகறிந்த ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் அந்த எண்ணிக்கையே பொருள். வேதம் என்றால் நாலு. நட்சத்திரம் என்றால் இருபத்தேழு. யானை என்றால் எட்டுத் திசையையும் தாங்கும் எட்டு. தீ என்றால் மூன்று. முதலில் சொல்லப்படுவது கடைசி இலக்கம். வலமிருந்து இடமாகப் போக வேண்டும். மாதவரின் வரி முப்பத்து மூன்று தேவர்களில் தொடங்குவதால்தான் எண்ணின் வால் 33 என்று இருக்கிறது. இரண்டு கைகளில் முடிவதால் தலையில் 2 வருகிறது.

ஓலையை நகல் எடுப்பவர் ஓர் இலக்கத்தைத் தவறாகக் கீறினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் பொருள் கெடும், யாப்புத் தட்டும், படிப்பவர் நின்றுவிடுவார். எண் இத்தனை நூற்றாண்டுகள் சிதையாமல் வந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

ஆனாலும் ஓர் இடறல் உண்டு. நடுவில் மூன்று என்ற எண்ணுப்பெயரும் குணம் என்ற சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. சத்துவம், ரஜஸ், தமஸ் என்று குணமும் மூன்றுதான். இரண்டையும் தனித்தனியே படித்தால் இரண்டு மூன்றுகள். முக்குணம் என்று சேர்த்துப் படித்தால் ஒரே மூன்று. இலக்கணப்படி இரண்டும் சரி. எதை எடுப்பது? சேர்த்துப் படித்தால் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்து பன்னிரண்டாகிவிடும். விட்டத்தைவிடச் சுற்றளவு சிறிதாகிவிடும். அப்படி ஒரு வட்டம் கிடையாது. பாடத்தை இங்கே தீர்மானிப்பது இலக்கணம் அல்ல, கணக்கு. சுவடிப் பதிப்பில் கணிதம் தெரிந்த ஒருவர் ஏன் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு சொல்லைக் காட்டுங்கள்.

இப்போது எண்ணையே திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பதின்மூன்று இடங்களில் 2, 3, 4, 7, 8 என்ற ஐந்து இலக்கங்கள் மட்டுமே வருகின்றன. மூன்று மட்டும் ஐந்து முறை. இலக்கங்களைக் கூட்டினால் 56. ஆகவே மூன்றால் வகுபடாது. ஒற்றைப்படை, ஆகவே இரண்டால் வகுபடாது. ஐந்தில் முடியவில்லை. விட்டமாகிய 90,000 கோடியைப் பிரித்தால் அதற்குள் 2, 3, 5 தவிர வேறு பகா எண் இல்லை. எனவே சுற்றளவையும் விட்டத்தையும் மேலும் கீழுமாக எழுதிய பின்னத்தைச் சுருக்கவே முடியாது. இந்த விகிதத்தைச் சொல்ல வேண்டுமானால் இவ்வளவு பெரிய எண்கள் வேண்டும். சின்ன வட்டத்தில் சொல்ல முடியாது. இது எண்ணின் உண்மையான ஒரு பண்பு.

ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகியவற்றால் வகுபடுமா என்று பார்க்க, எண்ணை வலது கடைசியிலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 233-இலிருந்து 388-ஐக் கழித்து, 433-ஐக் கூட்டி, 827-ஐக் கழித்து, 2-ஐக் கூட்டினால் கழித்தல் 547. அது ஏழாலும் வகுபடாது, பதினொன்றாலும் வகுபடாது, பதின்மூன்றாலும் வகுபடாது. நூறுக்குக் கீழே உள்ள இருபத்தைந்து பகா எண்களில் ஒன்றுகூட மாதவரின் எண்ணை வகுக்காது. ஆனால் அதோடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 2, 3, 7, 13, 53 ஆகிய ஐந்தும் அதை வகுக்கும். வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள், விரல் சூடேறும் நல்ல பயிற்சி.

இவை சுவையான செய்திகள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று கூட்டினால் ஏழால் வகுபடுகிறது என்பதில் வட்டத்தைப் பற்றிய இரகசியம் எதுவும் இல்லை. விட்டத்தை வேறாக எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும், இந்த வகுபாடும் போயிருக்கும். பெரிய எண்ணைக் கண்டதும் இலக்கங்களைக் கூட்டி ஜாதகம் பார்ப்பது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. மாதவர் பாடுபட்டது அதற்காக அல்ல. எண்ணின் எந்தப் பண்பு தற்செயல், எந்தப் பண்பு அது பிறந்த வழியைக் காட்டுகிறது என்று பிரித்தறிய வேண்டும்.

பிறந்த வழியைக் காட்டும் பண்பு ஒன்று இதில் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். இந்த எண் கடைசி இலக்கத்தில் சரியில்லை.

விட்டம் 90,000 கோடி என்றால் உண்மையான சுற்றளவு 28,27,43,33,88,230.81 என்று வரும். முழு எண்ணாக்கினால் வால் 231. மாதவர் சொன்னது 233. இரண்டு அலகு கூடுதல். இது எவ்வளவு சிறிய விலகல் என்பதற்குப் பக்கத்தில் மற்றவற்றை வைத்துப் பாருங்கள். இதே வட்டத்தில் 22/7 என்ற பின்னம் 113 கோடி அலகுக்கு மேல் தப்பும். ஆரியபடரின் அளவு ஏறத்தாழ 66 லட்சம் அலகு தப்பும். சீனத்தின் சூ சொங்சி ஐந்தாம் நூற்றாண்டில் தந்த 355/113 என்ற அருமையான பின்னமும் 2,40,000 அலகு தப்பும். மாதவர் தப்புவது இரண்டே அலகு.

இந்த இரண்டு அலகை மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. மாதவரின் பெருமைக்கு அதில் குறை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போலும். நான் நேர்மாறாக நினைக்கிறேன். அவர் சரியாக 231 என்று சொல்லியிருந்தால், அது எந்த முறையில் வந்தது என்பதற்கு எண்ணுக்குள் தடயமே இருந்திருக்காது. சரியான விடை எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். பிழை அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் தனக்கே உரிய பிழையைத்தான் தரும்.

மாதவரின் முறை நமக்குத் தெரியும். ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா அதைக் காரண காரியத்தோடு விளக்குகிறது. விட்டத்தை நாலால் பெருக்கு. அதை 1-ஆல் வகுத்ததிலிருந்து 3-ஆல் வகுத்ததைக் கழி, 5-ஆல் வகுத்ததைக் கூட்டு, 7-ஆல் வகுத்ததைக் கழி. இப்படியே போனால் சுற்றளவை நெருங்குவாய். ஆனால் இந்தத் தொடர் மிக மெதுவாக நகரும். இதை மட்டும் நம்பி மாதவரின் துல்லியத்தை எட்ட ஏறத்தாழ 41,000 கோடி உறுப்புகள் வேண்டும். நொடிக்கு ஓர் உறுப்பு என்று ஓயாமல் போட்டாலும் 13,000 ஆண்டுகள் ஆகும்.

அங்கேதான் அந்த மரபின் உச்சமான சிந்தனை வருகிறது. தொடரை எங்காவது நிறுத்து. நிறுத்திய இடத்தில் விட்டுப்போன மிச்சத்தை ஒரே பின்னத்தால் ஈடு செய். அந்தத் திருத்தங்கள் ஒன்றைவிட ஒன்று கூர்மையாக மூன்று உண்டு. மூன்றாவதைச் சொல்கிறேன். கடைசியாக எடுத்த ஒற்றைப்படை எண்ணுக்கு அடுத்த இரட்டைப்படையைப் பாதியாக்கு. அதன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டு, அது மேலே. வர்க்கத்தை நாலால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, அந்தப் பாதியாலேயே பெருக்கு, அது கீழே. கடைசி உறுப்பைக் கழித்திருந்தால் இந்தப் பின்னத்தைக் கூட்டு, கூட்டியிருந்தால் கழி.

இரண்டே உறுப்போடு நிறுத்தி இதைச் செய்து பாருங்கள். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2/3. கடைசி ஒற்றைப்படை 3, அடுத்தது 4, பாதி 2. மேலே 5, கீழே 42. இரண்டையும் கூட்டினால் 11/14. நாலால் பெருக்கினால் 22/7! பள்ளிக்கூடத்தில் நாம் ஆண்டாண்டாகப் போட்டுவந்த பின்னம், இந்த முறையில் இரண்டாவது படியிலேயே வந்துவிடுகிறது. இதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்னும் குறையவில்லை.

இப்போது கேள்வி: எத்தனை உறுப்பில் நிறுத்தினால் 233 வரும்? கணக்கிட்டுப் பார்த்தேன். நாற்பது உறுப்பில் நிறுத்தித் திருத்தம் சேர்த்தால் வால் 234. நாற்பத்து நாலில் நிறுத்தினால் 232. ஐம்பதில் நிறுத்தினால் சரியான 231. நாற்பத்திரண்டில் நிறுத்தினால், அதாவது 83-ஆல் வகுத்ததைக் கழித்துவிட்டு 1765/296562 என்ற திருத்தத்தைச் சேர்த்தால், வால் 232.999. முழுமையாக்கினால் 233.

மாதவரின் எண் இலக்கம் பிசகாமல் நம் கையில் விழுகிறது.

இதைக் கொண்டு அவர் நாற்பத்திரண்டு உறுப்புதான் கூட்டினார் என்று தீர்ப்பு எழுத மாட்டேன். கையால் வகுக்கும்போது ஒவ்வொரு வகுத்தலிலும் சிறு பின்னங்கள் உதிரும். அவை சேர்ந்தும் கடைசி இலக்கம் மாறலாம். ஆனால் வேறொரு வழியையும் சோதித்துப் பார்க்கலாம். பன்னிரண்டின் வர்க்கமூலத்தை வைத்து வேகமாக ஓடும் இன்னொரு தொடரும் மாதவருடையதே. அதைத் துல்லியமாகப் போட்டால் இருபத்தோர் உறுப்பில் வால் 236, இருபத்திரண்டில் 229. நடுவில் 233 வர இடமே இல்லை. ஆகவே சாட்சியம் திருத்தத்தின் பக்கமே சாய்கிறது என்பது என் முடிவு. மாதவரின் எண்ணை இரும முறையில் எழுதினாலும் நாற்பத்திரண்டு இலக்கங்கள்தான் வரும். அது வெறும் தற்செயல். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

மாதவர்தான் உலகிலேயே முதல்வர் என்று மேடையில் முழங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1424-இல் பாரசீகத்தின் அல்-காஷி பதினாறு தசம இடங்கள் வரை பை கண்டார். துல்லியத்தில் அவர் மாதவரைத் தாண்டியவர். ஆனால் அவர் நடந்த வழி 80,53,06,368 பக்கங்கள் கொண்ட பலகோணம். ஆர்க்கிமிடீஸ் காலத்து வழியின் உச்சம். மாதவர் பலகோணத்தை விட்டு, முடிவில்லாத தொடரைப் பிடித்தார். அதை நிறுத்திய இடத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்று மதிப்பிடவும் கற்றார். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்ஸும் அந்தத் தொடருக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டில். எத்தனை இடம் என்ற போட்டியில் மாதவருக்கு முதலிடம் இல்லை. வழியில்தான் அவருக்கு முதலிடம்.

அந்த வழி அறுபடவில்லை. கரணபத்ததி எழுதிய புதுமனை சோமயாஜி, விட்டம் ஆயிரம் கோடி என்றால் சுற்றளவு 31415926536 என்றார். 1819-இல் சத்ரத்னமாலா எழுதிய கடத்தநாட்டுச் சங்கர வர்மன், பதினெட்டு இலக்கத்தில் 314159265358979324 என்று தந்தார். கடைசி இலக்கம் வரை சரி. இவர்கள் இருவரும் பயன்படுத்தியது கடபயாதி, அதாவது எழுத்துக்கு எண் வைக்கும் முறை. கச்சேரி கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. தீரசங்கராபரணம் 29-ஆவது மேளம், மேசகல்யாணி 65-ஆவது மேளம் என்று பெயரின் முதல் இரண்டு எழுத்தே சொல்லும் அல்லவா, அதே முறைதான். சங்கர வர்மன் காலத்தில் மலபாரில் கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்தில் இருந்த சார்லஸ் விஷ், இந்தக் கணிதத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1834-இல் லண்டனில் அச்சானது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. பிறகு யுக்திபாஷாவின் கணிதப் பகுதி 1948-இல் திருச்சூரில் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்தது. செங்கன்னூரில் பிறந்து இறுதிக்காலத்தில் சென்னையில் வாழ்ந்த கே. வி. சர்மா, தம் ஆயுளையே இந்தச் சுவடிகளுக்குக் கொடுத்தார். கிரியாகிரமகரியை 1975-இல் பதிப்பித்தவர் அவரே.

மாணவர்களே, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரம். அங்கே ஓலைகளில் வானியலும் கணிதமும் இருக்கின்றன. படிக்க மூன்று தகுதிகள் வேண்டும்: கிரந்தமும் பழைய மலையாள எழுத்தும் வாசிக்கத் தெரிய வேண்டும், சமஸ்கிருதமோ மலையாளமோ புரிய வேண்டும், கணக்குப் போடத் தெரிய வேண்டும். மூன்றும் ஒருவரிடமே சேர்வது அரிதாகிக்கொண்டே வருகிறது. எழுத்துத் தெரிந்தவர் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார். கணக்குத் தெரிந்தவர் எழுத்தைக் கண்டு திரும்பிவிடுகிறார். கிரந்த எழுத்து தமிழ் எழுத்துக்கு நெருங்கிய உறவு. தமிழ் படித்தவருக்குச் சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். மலையாளம் உங்களுக்குத் தெருவிலேயே கிடைக்கிறது. கணக்கைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இளைஞர்கள் திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளைப் போல் வேறெங்கும் இருப்பார்களா என்று தெரியவில்லை. உங்களில் இரண்டு பேராவது இந்த வேலைக்கு வாருங்கள்.